நிற்கத் தெரியாத நாதம்

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிடுகிறோம். பிடில் பிறக்க அப்போது இன்னும் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. நீரோ உண்மையில் ஆசைப்பட்ட வாத்தியங்களில் ஒன்றை, அவன் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் குறித்து வைத்திருக்கிறார். கலகம் மூண்டு அரியணை ஆட்டம் கண்ட கடைசி நாட்களில் நீரோ ஊரறிய ஒரு நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டானாம். பதவி தப்பித்தால் வெற்றி விழாவில் தானே மேடையேறி, நீர் ஆர்கனும் குழலும் தோற்பை வாத்தியமும் வாசித்துக் காட்டுவது என்று. பதவி தப்பவில்லை. கி.பி. 68-இல் அவன் கதை முடிந்தது. அந்தத் தோற்பை வாத்தியமான பேக்பைப்பைப் பற்றி நமக்கு எட்டுகிற மிகப் பழைய கச்சேரி அறிவிப்புகளில் ஒன்று, இப்படி நடக்காமலே போன கச்சேரிக்கானது.

பேக்பைப் என்றதும் நமக்குக் கட்டம்போட்ட பாவாடையும் ஸ்காட்லாந்து மலைகளும் நினைவுக்கு வரும். இல்லையென்றால் குடியரசு தின விழா முடிந்து டெல்லியில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் அணிவகுத்து வரும் ராணுவ பேண்டு. ஸ்காட்லாந்து இந்தக் கதைக்குள் தாமதமாக வந்து சேர்ந்த நாடு. அதற்கு முன்பே தோற்பை வெகு தூரம் நடந்துவிட்டது. துனிசியாவில் அது மெஸ்வெத், பல்கேரியாவில் கைடா, ஈரானின் புஷேர் கடற்கரையில் நெய்-அன்பான். ஆடு மேய்ப்பவர்களும் நாணல் புதர்களும் ஒன்றாக இருந்த இடங்களில் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் இந்த வாத்தியம் இருந்திருக்கிறது.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. உரித்தெடுத்த ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, அதில் வாயால் ஊதும் ஒரு குழல், விரல் வைத்து வாசிக்கும் ஒரு குழல், ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றோ மூன்றோ சுருதிக் குழல்கள் ஆகியவற்றைச் செருகிவிடுவார்கள். ஊதுபவர் மூச்சு வாங்கும் நேரத்தில் முழங்கை பையை அமுக்கும். காற்று தடைபடாது, நாதமும் தடைபடாது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே மணிக்கணக்கில் சுருதியைத் தாங்குவார் அல்லவா? அந்தக் கடும் உழைப்பை இங்கே ஒரு தோல் பை ஏற்றுக்கொள்கிறது.

நம் ஊருக்கும் அது அந்நியமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சதிர் ஆட்டத்துக்குப் பின்பாட்டாக நின்ற கோஷ்டியில், மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு துத்தி என்ற தோற்பையும் இருந்தது. அதற்கு விரல் குழல் கிடையாது, சுருதி மட்டும் கொடுக்கும். 1891-இல் தென்னிந்திய வாத்தியங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கேப்டன் சி. ஆர். டே இந்தத் தோற்பையை அதில் சேர்த்திருக்கிறார். பிறகு ஆர்மோனியமும் சுருதிப்பெட்டியும் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஊதவும் வேண்டாம், தோலைப் பதப்படுத்தவும் வேண்டாம் என்றால் யார்தான் மாறமாட்டார்கள்?

எல்லா ஊர்த் தோற்பைக்கும் பொதுவான ஒரு குணத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், மிச்சக் கதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. இந்த வாத்தியத்துக்கு நிறுத்தத் தெரியாது. ஸ்காட்லாந்தின் பெரிய பைப்பை எடுத்துக்கொண்டால் ஒன்பதே ஸ்வரங்கள். மெதுவாக வாசிப்பது, உரக்க வாசிப்பது என்ற பேச்சே இல்லை. தொடங்கினால் ஒரே பலத்தில் ஒலிக்கும், பக்கத்தில் நின்றால் 110 டெசிபெல் அளவுக்கு வரும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இம்மி இடைவெளியும் விட முடியாது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசித்ததாகக் காட்ட வேண்டுமானால், நடுவே வேறொரு ஸ்வரத்தை மின்னல் வேகத்தில் விரலால் வெட்டிப் போட வேண்டும். பைப்பர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து பழகுவது பெரும்பாலும் இந்த வெட்டுகளைத்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்போன்சோவின் மேரி மாதா பாடல் சுவடிகளில் தோற்பை ஊதுபவர்கள் வண்ணவண்ணமாக வரையப்பட்டிருக்கிறார்கள். சாசரின் கேன்டர்பரி யாத்ரிகர்களை ஊரைவிட்டு வழியனுப்பி அழைத்துச் செல்வது மாவரைக்கும் ஆலைக்காரரின் பேக்பைப். 1514-இல் ட்யூரர் ஒரு பைப்பரைச் செதுக்குப் படமாக வெளியிட்டார். ஆனால் ஹிரோனிமஸ் போஷ் வரைந்த நரகத்தைப் பார்த்தால் மரமனிதனின் தலைமேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான தோற்பை உட்கார்ந்திருக்கிறது. தேவலோகத்திலும் அது ஒலித்தது, நரகத்திலும் ஒலித்தது, நடுவே ப்ரூகல் தீட்டிய குடியானவர்களின் ஆட்டத்திலும் ஒலித்தது.

குடியானவர்களின் அந்த வாத்தியத்தின் மேல் பிரெஞ்சு அரண்மனைக்கு ஒரு காலத்தில் மோகம் பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரபுக்களும் சீமாட்டிகளும் மேய்ப்பர் வேடமிட்டுப் பொழுதுபோக்கினார்கள். வேடத்துக்குப் பொருத்தமாக வாத்தியமும் வேண்டும், ஆனால் கன்னம் உப்பி முகம் கோணக் கூடாது. எனவே வாய்க்குப் பதிலாகக் கையிடுக்கில் ஒரு சிறு துருத்தி வந்தது. பைக்குப் பட்டும் வெல்வெட்டும் போர்த்தினார்கள், குழல்களைத் தந்தத்தில் கடைந்தார்கள். மூசெத் என்ற இந்தச் சிங்கார வாத்தியத்தைச் செய்த ஒத்தெத்தேர் குடும்பத்தார் புல்லாங்குழல், ஓபோ ஆகியவற்றை இன்றைய திசைக்குத் திருப்பிவிட்டதிலும் பங்குள்ளவர்கள். ஜாக்-மார்த்தன் ஒத்தெத்தேர் 1737-இல் மூசெத் பயிற்சி நூலே எழுதினார். பிறகு நாகரிகம் மாறியது, புரட்சி வந்தது, மேய்ப்பர் வேடமிட்டவர்களோடு மூசெத்தும் மறைந்தது.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது காப்பியடித்தவர்களின் கதை. பாஹ் தன் மூன்றாம் ஆங்கிலக் கோவையில் ஒரே ஸ்வரத்தை அடியில் நீளப் பிடித்துக்கொண்டு ஒரு மூசெத் எழுதினார், விசைப்பலகைக்கு. கிறிஸ்துமஸ் காலத்தில் மலையிலிருந்து ரோமுக்கு இறங்கி வந்து தெருவில் ஊதும் மேய்ப்பர்களின் ஒலியை ஹேண்டல் தன் 'மெசையா'வுக்குள் கொண்டுவந்தார், வயலின்களைக் கொண்டு. ஹைடன் 82-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் அடித்தளத்தில் உறுமும் சுருதியை வைத்தார், அதைக் கேட்டவர்கள் கரடியாட்டத்தை நினைத்து அந்த சிம்பொனிக்குக் 'கரடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒலி மட்டும் கச்சேரி மண்டபத்துக்குள் போய்விட்டது, அதைப் பெற்ற வாத்தியம் வாசலிலேயே நின்றது. மென்மையும் அழுத்தமும் மௌனமுமாகச் செதுக்கப்பட்ட இசைக்குள், ஒரே பலத்தில் ஓயாமல் ஒலிக்கும் ஒன்றுக்கு இடம் எங்கே இருக்கும்?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே அந்த ஓயாத ஒலியைக் கொண்டே ஒரு பெரிய செவ்வியல் இசையைக் கட்டினார்கள். ஸ்கை தீவில் மக்லவுட் குலத்தலைவர்களுக்குப் பரம்பரைப் பைப்பர்களாக இருந்த மக்ரிம்மன் குடும்பம் போரெரெய்க் என்ற இடத்தில் பள்ளி நடத்தியது. அவர்கள் கற்பித்தது பீப்ராக் என்ற இசை: முதலில் நிதானமான ஒரு அடிப்படை, பிறகு அதன்மேல் படிப்படியாகச் சிக்கலாகும் விரிவுகள், கடைசியில் மறுபடி அடிப்படைக்கே வந்து சேர்வது. ஸ்வரக் குறிப்புத் தாள் கிடையாது. மிருதங்கம் கற்கும் பிள்ளை தகதிமி சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொள்வது போல, ஹிஹாரின், ஹோதின் என்று சொற்கட்டாகப் பாடியே பைப்பு கற்றார்கள். கன்டராக்ட் என்று பெயர். வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து விரலுக்கு.

1746-இல் கலோடன் போரில், மலைநாட்டார் பலர் சேர்ந்திருந்த ஜேக்கபைட் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பேக்பைப்பையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வார்கள். அந்த ஆண்டின் ஆயுதப் பறிப்புச் சட்டத்தைப் படித்தால் அதில் பைப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது. ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரை யார்க் நகரில் விசாரித்தார்கள். நான் ஆயுதம் தாங்கவில்லை, ஊதினேன், அவ்வளவுதான் என்பது அவர் தரப்பு. மலைநாட்டுப் படை பைப்பர் இல்லாமல் அணிவகுத்ததே இல்லை, ஆகவே அதுவும் போர்க்கருவிதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பதினான்கு ஆண்டு கழித்து இந்தக் கதை இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. ஜோசப் மக்டோனல்ட் என்ற இளைஞர், வட ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியாரின் மகன், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக 1760-இல் புறப்பட்டார். மாதக்கணக்கான கடல் பயணத்தில் அவர் உட்கார்ந்து எழுதியது பேக்பைப்பின் இலக்கணம். எந்த விரலை எப்படி வெட்ட வேண்டும், விரிவுகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதையெல்லாம் முதன்முதலாக மேற்கத்திய ஸ்வரக் குறிப்பில் இறக்கினார். வாயும் காதுமாகவே வாழ்ந்த ஒரு கலை, அலையாடும் கப்பலில் தாளுக்கு வந்தது. இந்தியா வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே காய்ச்சலில் அவர் இறந்துபோனார். வயது இருபத்தைந்தைத் தொடவில்லை. கையெழுத்துப் படி வங்காளத்தில் கிடந்தது. சர் ஜான் மக்ரெகர் மர்ரி என்ற படை அதிகாரி அதைத் தேடியெடுத்து ஊருக்குக் கொண்டுபோய் ஜோசப்பின் அண்ணன் பாட்ரிக்கிடம் சேர்த்தார். 1803-இல் அது அச்சாயிற்று. அந்தக் கட்டு யாராவது ஒருவரின் அடுப்புக்குப் போயிருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டு பைப்பர்கள் எப்படி விரல் வைத்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்காது. இன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

யாரைத் தூக்கிலிட்டார்களோ அதே பைப்பரைத்தான் அடுத்த நூறு ஆண்டுகளில் பேரரசு தன் படையின் முன்னால் நடக்கவிட்டது. 1781-இல் ஃபால்கர்க் நகரில் போட்டிகள் தொடங்கின. 1843-இல் விக்டோரியா மகாராணி அங்கஸ் மக்கேயைத் தன் அரண்மனைப் பைப்பராக அமர்த்தினார். மலைநாட்டுப் படைப்பிரிவுகள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் பைப்பும் போயிற்று. 1897-இல் வடமேற்கு எல்லையின் தார்காய் குன்றுகளில் கார்டன் ஹைலேண்டர்ஸ் படையின் ஜார்ஜ் ஃபின்ட்லேட்டர் காலில் குண்டடி பட்டு விழுந்தார். பாறையில் சாய்ந்துகொண்டு வாசிப்பதை நிறுத்தாமல் தொடர்ந்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. லண்டன் இசைக்கொட்டகைகள் அவரைக் கூப்பிட்டு மேடையேற்றின, போர்ப் பதக்கத்தைக் காட்டிக் காசு வாங்குவதா என்று மேலிடத்தில் சலசலப்பும் எழுந்தது. ஒரு பைப்பருக்குக் கொட்டகை மேடை கிடைக்க முதலில் போர்க்களம் வேண்டியிருந்தது.

படைகள் போன பிறகும் வாத்தியம் தங்கிவிட்டது. கட்வால் மலைக்கிராமங்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் கொண்டுவந்த பைப்பு மஷக்பீன் ஆகி, அது ஊதாமல் கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது. ஓமானில் ஒட்டகத்தின்மேல் அமர்ந்து ஊதுகிறார்கள். நீலகிரியின் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிவகுப்பிலும் பைப்பு உண்டு. பாகிஸ்தானின் சியால்கோட்டில் பட்டாளத்துக்காகத் தொடங்கிய பட்டறைகள் இன்று உலகிலேயே மிக அதிகமாகப் பேக்பைப் ஏற்றுமதி செய்கிற இடங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன, ஹாக்கி மட்டை கடையும் அதே ஊரில்.

மரத்தின் பயணம் தனிக்கதை. பழைய ஸ்காட்லாந்துப் பைப்புகள் உள்ளூர் மரத்தில் கடையப்பட்டவை. கப்பல்கள் வெப்பநாடுகளிலிருந்து திரும்பத் திரும்பக் கடினமான மரங்கள் வந்து இறங்கின: முதலில் கருங்காலி, கரீபியத் தீவுகளின் கோக்கஸ், பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவின் கருமரம். நாம் கேட்டுப் பழகிய அந்தக் கூர்மையான ஒலியில் பாதி ஆப்பிரிக்கக் காட்டுக்குச் சொந்தம். சியால்கோட்காரர்கள் பயன்படுத்துவது ஷீஷம். ஆப்பிரிக்கக் கருமரம், ஷீஷம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் மூன்றும் தாவரவியலில் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குழல்களின் மூட்டுகளில் பூண் கட்டியது யானைத் தந்தம். அதற்கான விலையை இன்று வேறு மாதிரி கொடுக்கிறார்கள். 2014-இல் கனடாவில் போட்டி முடித்துத் திரும்பிய இரண்டு அமெரிக்க இளைஞர்களின் பைப்புகளைத் தந்தப் பூணுக்காக எல்லையில் பறிமுதல் செய்துவிட்டார்கள். செய்தி பெரிதாகப் பரவிய பின்பே திருப்பிக் கொடுத்தார்கள்.

அயர்லாந்தில் பைப்பு உட்கார்ந்துவிட்டது. துருத்தியால் காற்றேற்றி, மடியில் வைத்து, இரண்டு ஸ்தாயி வாசிக்கும் இலின் பைப்பு அங்கே பிறந்தது. குழலின் அடிவாயைத் தொடைமேல் அழுத்தினால் ஒலி அறுந்து நிற்கும், ஆகவே மௌனம் அதற்கு ஓரளவு கைகூடிவிட்டது. ட்ரோகெடாவிலிருந்து அமெரிக்கா போன டெய்லர் சகோதரர்கள் பிலடெல்பியாவில் பெரிய கொட்டகைகளுக்கு ஏற்றபடி அதை உரக்கப் பேசவைத்தார்கள். பட்ஸி டூஹி எடிசன் உருளைகளில் தானே பதிவு செய்து தபாலில் விற்றார். அதன் முழுக்கதைக்கு வேறொரு கட்டுரை வேண்டும்.

நாம் பிரிட்டனி போக வேண்டும். பிரான்சின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்டுக்கு நெடுங்காலமாக ஒரு ஜோடி உண்டு: கீச்சென்று உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும் பினியூ என்ற சின்னத் தோற்பையும், நாகஸ்வரத்தைப் போல இரட்டைச் சீவாளி வைத்த பொம்பார்டும். பொம்பார்டை ஊதுவது உதட்டையும் நுரையீரலையும் பிழிந்தெடுக்கும். அதனால் அதை வாசிப்பவர் ஓர் அடி ஊதிவிட்டு ஓய்வெடுப்பார். அந்த நேரத்தில் ஓயாத பினியூ அதே அடியைத் திருப்பி வாசிக்கும். ஆட்டக்காரர்களின் கால் நிற்காது. கல்யாணம், அறுவடை, திருவிழா என்று இந்த இருவர் கச்சேரி நடந்தது. இவர்களை சொன்னர் என்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஊர்கள் காலியாயின, அக்கார்டியன் வந்தது, சொன்னர்கள் குறைந்தார்கள். பாரிசில் பிழைக்கப் போன பிரெட்டன்கள்தான் முதலில் பதறினார்கள். 1932-இல் அங்கே பைப்பர் சங்கம் தொடங்கினார்கள். டோரிக் ல வொயே என்பவர் ஸ்காட்லாந்துப் பைப்பைப் பார்த்து அதேபோல ஒன்றைச் செய்தார். 1943-இல், போரின் நடுவே, அவரும் போலிக் மோன்ஜாரேயும் வேறு சில நண்பர்களும் போடதெக் அர் சொனெரியோன் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்காட்லாந்து பைப் பேண்டின் அணிவகுப்பு, முரசு வரிசை ஆகியவற்றை எடுத்து, நடுவில் தங்கள் பொம்பார்டை நிறுத்தினார்கள். பிறந்தது பாகாத். முதல் பாகாத்தைத் தொடங்கியவர்கள் காரே நகரத்து ரயில்வே ஊழியர்கள். 1949 முதல் ஆண்டுதோறும் போட்டி. கைத்தா வாசிக்கும் கலீசியரும் பிறரும் வந்து கூடும் பெருவிழா 1971-இல் ப்ரெஸ்ட் நகரிலிருந்து லோரியாங்கு இடம் மாறி இன்றளவும் நடக்கிறது. அடுத்த ஆண்டு பாகாத் வளர்ப்பான ஆலன் ஸ்டிவெல் பாரிசின் ஒலிம்பியா மேடையில் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் பொம்பார்டையும் பைப்பையும் நிறுத்தினார். அடுத்த தலைமுறை முழுக்க அந்த இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தது. கறாராகப் பார்த்தால் பாகாத் ஒரு நகல்தான். நகலெடுத்தவர்களின் பசி உண்மையாக இருந்ததால் அது சொந்தக்காலில் நின்றது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தில் விபத்துகள் வேலை செய்தன. 1963 நவம்பரில் கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் பிளாக் வாட்ச் படையினர் பைப்பு வாசித்தார்கள். பிலடெல்பியாவின் சாக்ஸபோன் கலைஞர் ரூஃபஸ் ஹார்லி அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். அந்த ஒலி விடாமல் துரத்தவே நியூயார்க்கில் ஓர் அடகுக்கடையில் 120 டாலருக்குப் பழைய பைப்பு ஒன்றை வாங்கிவந்தார். 1965-இல் ஜாஸ் உலகின் முதல் பைப்பு இசைத்தட்டுகளில் ஒன்றைப் பதிவு செய்தார். இன்னொரு பக்கம் 1975-இல் ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி ராக் குழு. தயாரிப்பாளர் ஜார்ஜ் யங், பாடகர் பான் ஸ்காட் முன்பு பைப் பேண்டில் இருந்தவராயிற்றே என்று அவர் கையில் பைப்பைக் கொடுக்கச் சொன்னார். ஸ்காட் பேண்டில் இருந்தது உண்மை, ஆனால் வாசித்தது முரசு. மனிதர் பின்வாங்காமல் கற்றுக்கொண்டு ஊதினார்.

இந்தக் கூட்டத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் யோஷி வாடா. 1943-இல் கியோட்டோவில் பிறந்து சிற்பம் படித்தவர். நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து குழாய் வேலை செய்து பிழைத்தார். அதே குழாய்களைக் கொண்டு ஆளுயரத்தைத் தாண்டும் ஊதுகொம்புகளும் செய்தார். கிரானா கரானாவின் பண்டிட் பிரான்நாத் அப்போது நியூயார்க்கில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பூராவின் சுருதிக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு ஸ்வரத்தைத் தேடுவதை வாடா அவரிடம் கற்றார். பிறகு ஸ்காட்லாந்து விளையாட்டு விழாக்களில் பைப்பைக் கேட்டார். தம்பூராவின் வேலையைத் தோற்பையும் செய்கிறதே என்று முறையாக ஓர் ஆசிரியரிடம் பீப்ராக் பயின்றார். நியூயார்க் மாநிலத்தில் தண்ணீர் வடித்த ஒரு நீச்சல்குளத்துக்குள் தன் பைப்புகளையும் தன் குரலையும் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்த இசைத்தட்டு 1982-இல் வந்தது. ஜப்பானியர், இந்துஸ்தானி குரு, ஸ்காட்லாந்து வாத்தியம், அமெரிக்க நீச்சல்குளம். இவற்றைச் சேர்த்துக் கட்டிய கயிறு அந்த ஓயாத சுருதி ஒன்றுதான். கச்சேரி மண்டபம் எந்தக் குணத்தைக் குறையென்று கண்டதோ, அந்தக் குணத்துக்காகவே அவர் அதைத் தேடிப் போனார்.

அதே கயிற்றின் மறுமுனையை பிரிட்டனியில் எர்வான் கெரவெக் பிடித்திருக்கிறார். லோகோவால்-மெந்தோன் ஊரின் ரோன்செத்-மோர் பாகாத்தில் வளர்ந்த சொன்னர் அவர். ஆட்டத்துக்கு வாசித்தும் போட்டிக்கு வாசித்தும் வந்தவர். தன் வாத்தியத்துக்கென்று ஒரு தற்கால இசைத் தொகுதி இல்லையே என்று பிலிப் லெரூ, பெர்னார் கவன்னா போன்ற இசையமைப்பாளர்களிடம் போய் எழுதித் தரக் கேட்டார். 2011-இல் அவின்யோன் நகரில் போப் அரண்மனை முற்றத்தில் போரிஸ் ஷர்மாட்ஸின் நடன நிகழ்ச்சி, இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் நடுவே கெரவெக் பைப்பை ஊதிக்கொண்டு நடந்தார். ஸ்வீடனின் சாக்ஸபோன் கலைஞர் மாட்ஸ் குஸ்டாஃப்சனோடு சேர்ந்து எந்த ஏற்பாடும் இல்லாமல் வாசிப்பார்.

கெரவெக் தனிக்கச்சேரியில் கையாளும் விஷயங்களை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். பைப்பின் மேலே நிற்கும் மூன்று சுருதிக் குழல்களும் இரண்டு அல்லது மூன்று துண்டுகள் கொண்டவை, நூல் சுற்றிய மூட்டில் வழுக்கி நீளும். கச்சேரிக்கு முன் எல்லா பைப்பரும் மேல்துண்டை மயிரிழை உயர்த்தித் தாழ்த்தி மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேராதபோது இரண்டு நாதங்கள் மோதி வவ்வவ் என்று ஓர் அலை எழும். ஒரு குழல் விநாடிக்கு 239 முறையும் இன்னொன்று 240 முறையும் அதிர்ந்தால் விநாடிக்கு ஓர் அலை. மரபில் அதை ஒழித்தால்தான் வாசிப்பே தொடங்கும். புதிய இசையில் அந்த அலைதான் இசை. அதை வேகப்படுத்தலாம், தாமதப்படுத்தலாம், விரல் குழலைத் தொடாமலே ஒரு முழு உருப்படியைக் கட்டலாம். கைக்கும் பைக்கும் நடுவே உள்ள அழுத்தம் சற்றே தளர்ந்தால் சுருதி இறங்கும், சீவாளி கம்மும். ஆசிரியர் தலையில் குட்டித் திருத்தும் அந்தப் பிழைகள் எல்லாம் இங்கே வண்ணங்கள்.

எலியான் ரதீக் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் கெரவெக்குக்காக ஓர் உருப்படி செய்தார். பல பத்தாண்டுகள் ஒரு சிந்தசைசரின் முன்னே தனியாக உட்கார்ந்து, நகர்வதே தெரியாத நாதங்களை உருவாக்கியவர் அவர். முதுமையில் மின்கருவியை விட்டுவிட்டு 2011-இல் ஒக்கம் என்ற வரிசையைத் தொடங்கினார். அதில் எந்த உருப்படிக்கும் ஸ்வரத் தாள் கிடையாது. வாசிப்பவரும் அவரும் நேரில் உட்கார்ந்து, பேசி, கேட்டு, வாய்வழியாகவே முடிவு செய்வார்கள். மின்னிசையின் முன்னோடி ஒருவரும் கிராமத்துக் கல்யாணத்தில் பிறந்த வாத்தியமும் சந்தித்தபோது, இருவருக்கும் கைவசம் இருந்தது போரெரெய்க் பள்ளியின் அதே பாடமுறை.

ஸ்கை தீவிலிருந்து வந்திருக்கும் ப்ரீடா கைம்பெயல் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறார். துருத்தி வைத்த சின்னப் பைப்பு வாசிப்பவர், கேலிக் மொழி பேசி வளர்ந்தவர். 2019-இல் குரோமார்ட்டியின் பழைய தேவாலயத்தில் பதிவு செய்த முதல் இசைத்தட்டில், மூத்த பைப்பர் ரோனா லைட்ஃபுட் வந்து கன்டராக்ட் பாடியிருக்கிறார், பல்கேரிய மெட்டுகளும் இருக்கின்றன. 2023-இல் வந்த அடுத்த தொகுப்பில் துணைக்கு காலின் ஸ்டெட்சன். மூச்சு விடாமல் சாக்ஸபோன் ஊதுவதற்குப் பெயர்போனவர். நிற்கத் தெரியாத வாத்தியமும் நிறுத்த மறுக்கும் மனிதரும் ஒன்றாக ஒலிக்கும்போது எது குழல், எது தோற்பை என்று பிரித்தறியக் காது திணறுகிறது. அதே ஆண்டு ஒரு பாப் பாடலிலும் கைம்பெயலின் பைப்பு ஒலித்தது.

கெரவெக்கின் துணிச்சலான முயற்சி இருபது சொன்னர்களைக் கொண்டது. அமெரிக்கரான டெரி ரைலி 1964-இல் எழுதிய 'இன் சி'யை எடுத்துக்கொண்டார். அதில் மொத்தம் 53 சிறு துண்டுகள், எந்த வாத்தியமும் வாசிக்கலாம், எத்தனை பேரும் வாசிக்கலாம். ஒவ்வொரு துண்டையும் அவரவர் விரும்பும் வரை திருப்பித் திருப்பி வாசித்து அடுத்ததற்குப் போகலாம். நடுநடுவே நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கேளுங்கள் என்பதும் ரைலியின் குறிப்பு. கிட்டார்காரருக்கு அது சுலபம். பைப்பருக்கு நிறுத்துவது என்றால் பையை அமுக்கும் கையை விட்டு, எல்லாக் குழலும் முனகி அடங்கக் காத்திருந்து, மறுபடி தொடங்கப் பையை நிரப்பி ஒரு தட்டுத் தட்டி எழுப்ப வேண்டும். ஆகவே இருபது பேரில் பொம்பார்டுகள் ஊதி ஓய்கின்றன, ஓயும்போது தோற்பைகள் தாங்குகின்றன. பிரெட்டன் கல்யாண ஆட்டத்தில் இருவர் பங்கிட்டுக்கொண்ட அந்த வேலையைத்தான் இங்கே இருபது பேர் பங்கிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்கிறார்கள்.